சுவரில்லாத ஊரில் ஒளிந்துகொள்வது எப்படி

மலாக்கா ஒரு கடலோரக் கோட்டை நகரம் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். பரீட்சையில் அப்படியே எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். நேரில் போய்ப் பார்த்தவள் என்ற முறையில் இப்போது சொல்கிறேன்: அங்கே கோட்டையும் இல்லை, ஓரத்தில் கடலும் இல்லை. கோட்டைச் சுவரை வெள்ளைக்காரன் வெடி வைத்துத் தகர்த்துவிட்டு, போனால் போகிறது என்று ஒரே ஒரு வாசலை விட்டுவைத்தான். கடலை நம்மவர்களே மண்ணைக் கொட்டித் தூரத் தள்ளிவிட்டு, அது இருந்த இடத்தில் பேரங்காடி கட்டிக்கொண்டார்கள். சுவரே இல்லாத இடத்தில் வாசல் எதற்கு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வெளியே வந்து, நாலு படம் பிடித்துக்கொண்டு, வரலாற்றைப் பார்த்துவிட்ட திருப்தியோடு சாப்பிடப் போய்விடுகிறார்கள்.

எனக்கும் இதில் பெரிய வருத்தம் எதுவும் இருந்ததில்லை. போன வருடப் பள்ளி விடுமுறையில், நானும் என் அக்காவும் அவசரமாக ஒளிந்துகொள்ள அந்த ஊரில் ஒரு சுவரைத் தேடினோம். அப்போதுதான் வெள்ளைக்காரன் மேல் எனக்கு உண்மையான கோபம் வந்தது.

யாரிடமிருந்து ஒளிந்தோம் என்பதைச் சொல்லவேண்டும். அக்காவின் நாத்தனாரிடமிருந்து. அதாவது அக்காவின் கணவருக்கு மூத்த சகோதரி. நாங்கள் இருவருமே அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். அண்ணியும் தம்பியும் கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். தோட்டம் கைமாறி, மரங்களை வெட்டிச் சாய்த்து, குடியிருந்த லயங்களையும் இடித்துத் தள்ளிய பிறகு, இரண்டு பேரும் ஈப்போவுக்குப் பக்கத்தில் லகாட்டில் ஒரு தாமானில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், இரண்டு வீடு தள்ளி வீடு வாங்கிக்கொண்டார்கள். எனக்கு மாமா முறையாகும் அந்தத் தம்பி, நாங்கள் மலாக்கா போவதற்கு நான்கு மாதத்துக்கு முன் நெஞ்சுவலியில் போய்ச்சேர்ந்தார். நல்ல மனிதர். அவர் போனதற்கு நானும் அழுதேன்.

அவர் போனதும் அக்காவின் வீடு துக்க வீடாகியது. துக்க வீட்டுக்கு ஒரு நிர்வாகி வேண்டுமல்லவா? அந்தப் பொறுப்பை அண்ணி யாரும் கேட்காமலேயே ஏற்றுக்கொண்டார். ஒரு வருடத்துக்கு அக்கா கோயிலுக்குப் போகக்கூடாது. விசேஷத்துக்குப் போகக்கூடாது. பாசாருக்குப் போனால் காய் வாங்கியதும் திரும்பிவிடவேண்டும், நின்று பேசக்கூடாது. கலர் சேலை கூடாது. தொலைக்காட்சியில் செய்தி பார்க்கலாம், அதுவும் விபத்துச் செய்தியாக இருந்தால் விசேஷம். அண்ணி தினமும் காலைப் பசியாறிவிட்டு வந்து, மாமா படத்துக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்காருவார். அக்கா படத்துக்கு விளக்கேற்றுகிறாளா, அக்கா சிரிக்கிறாளா, அக்கா யாரோடு போனில் பேசுகிறாள் என்று சாயங்காலம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருப்பார். சம்பளம் இல்லாத வேலை, ஆனால் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை.

இதில் எனக்கு எரிச்சல் தந்தது வேறொரு கணக்கு. எங்கள் வழக்கப்படி கட்டிக்கொடுத்த பெண் வேறு வீட்டுக்காரி. கூடப்பிறந்தவன் செத்தாலும் அவளுக்கு மூன்று நாள்தான் தீட்டு. மூன்றாம் நாள் தலை முழுகிவிட்டுப் பொட்டு வைத்துக்கொண்டு அவள் புருஷன் வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடலாம். ஐம்பது வருடம் ரத்த சொந்தம், அதற்கு மூன்று நாள். இடையில் வந்து தாலி கட்டிக்கொண்டவளுக்கு முழுதாக ஒரு வருடம். அண்ணியும் சட்டப்படியே நடந்துகொண்டார். கருமாதி முடிந்த கையோடு அவர் புருஷன் வழியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தார். மறுநாள் காலை அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, “பிரியாணில உப்பே இல்ல” என்று அக்காவிடமே சொன்னார். இதை நான் ஈப்போவில் என்னோடு வேலை செய்யும் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

ஒரு நாள் அக்கா எனக்குப் போன் செய்தாள். குளியலறையிலிருந்து பேசினாள். பின்னால் குழாயைத் திறந்துவிட்டிருந்தாள்.

“எங்கயாச்சும் கூட்டிட்டுப் போடி. ஒரே ஒரு நாளு. கடலு மாதிரி எதையாச்சும் பாக்கணும். இந்த வீட்டுக்குள்ள எனக்கு மூச்சு முட்டுது.”

லுமுட் கடற்கரை பக்கம்தான். ஆனால் விடுமுறை நாளில் லகாட்டே அங்கேதான் காலை நனைத்துக்கொண்டு நிற்கும். யார் கண்ணிலாவது பட்டால், நாங்கள் வீட்டுக்குத் திரும்புவதற்குள் செய்தி திரும்பியிருக்கும். அதனால் எங்களை ஈ காக்கை கூட அறியாத ஊராகப் பார்த்து, மலாக்காவைத் தேர்ந்தெடுத்தேன். நான் எவ்வளவு கெட்டிக்காரி என்பது இதிலிருந்தே தெரியும்.

பொய்யும் தயாரானது. எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது, எழுந்திருக்க முடியவில்லை, கஞ்சி வைத்துக் கொடுக்கக்கூட ஆள் இல்லை. தங்கையின் முதுகைப் பார்த்துக்கொள்ளத் துக்க வீட்டிலிருந்து ஒரு நாள் விடுப்பு. அண்ணி கொஞ்சம் யோசித்தார். ஆனால் அதே சனிக்கிழமை அவருக்கே சிலிம் ரிவரில் ஒரு வளைகாப்பு இருந்தது. நாற்காலி எப்படியும் காலியாகத்தான் இருக்கும். “சரி, போய்ட்டு வா. ஆனா அங்கயும் டிவி கிவி போடாதீங்க” என்று அனுமதி கொடுத்தார்.

விடிவதற்கு முன்பே கிளம்பினோம். அக்கா வெள்ளைச் சேலையில் ஏறினாள். பையில் நீலச் சுடிதார் இருந்தது. நெடுஞ்சாலையில் முதல் ஓய்விடத்தில் கழிவறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். வந்தவள் கண்ணாடியில் தன்னையே ஒரு தரம் பார்த்தாள். “ரொம்பக் கலரா இருக்கோ?” என்றாள். அது பள்ளிக்கூடச் சீருடையை விடக் கொஞ்சம் மங்கலான நீலம்.

சிலிம் ரிவர் பலகை வந்ததும் இருக்கையில் சரிந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

“என்னக்கா?”

“அண்ணி இங்கதான இருக்காங்க.”

“அவங்க வளைகாப்புல சோறு தின்னுட்டு இருப்பாங்க. ஹைவேல நின்னு ஒவ்வொரு காரா பாத்துக்கிட்டா இருப்பாங்க?”

“அவங்கள உனக்குத் தெரியாதுலா,” என்றாள் அக்கா. பலகை பின்னால் போன பிறகும் கொஞ்ச தூரம் நிமிரவில்லை.

மலாக்காவில் வெயில் தலையில் அடித்தது. சிவப்புக் கட்டடங்களுக்கு முன்னால் மூன்று சக்கர வண்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் பெரிய பெரிய பொம்மைத் தலைகள், பிளாஸ்டிக் பூ, வண்ண விளக்கு, காதைக் கிழிக்கும் பாட்டு. நாங்கள் தமிழர் என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, ஒரு மலாய்க்கார வண்டிக்காரர் தமிழ்ப் பாட்டுக்கு மாற்றினார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அக்கா நின்று கேட்டாள். அக்காவுக்கு அன்று எல்லாமே பிடித்திருந்தது. தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட தண்ணியான செண்டோல் பிடித்திருந்தது. உருட்டி வைத்திருந்த கோழிச்சோறு பிடித்திருந்தது. சோற்றை ஏன் உருட்டவேண்டும் என்று நான் கேட்டதற்கு, “உனக்கு எதுலயும் ஒரு குத்தம்” என்று சொல்லி என்னுடையதையும் எடுத்துத் தின்றாள். நான்கு மாதத்தில் அவள் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது.

அந்தப் புகழ்பெற்ற ஒற்றை வாசலில் நாங்களும் முறைப்படி நுழைந்து வெளியே வந்தோம். பிறகு அதன் பின்னால் இருக்கும் குன்றில் ஏறினோம். உச்சியில் கூரை போன பழைய தேவாலயம். உள்ளே ஆள் உயரக் கல்லறைக் கற்களைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். அக்கா ஒவ்வொரு கல்லாக நின்று பார்த்தாள். எழுத்து ஒன்றும் எங்களுக்குப் புரியவில்லை.

“இவங்களுக்கெல்லாம் யாரு ஒரு வருஷம் உக்காந்திருப்பா?” என்றாள்.

“இவங்களுக்கு அண்ணி மாதிரி ஆளு கெடச்சிருக்காது,” என்றேன்.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் இங்கே யாரும் பார்க்கப்போவதில்லை என்பது நினைவு வந்து, கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். கல்லறைகளுக்கு நடுவே நின்று ஒரு துக்க வீட்டுக்காரி சிரித்ததைப் பார்த்து ஒரு சீனத் தம்பதி கொஞ்சம் தள்ளி நடந்தார்கள்.

இறங்கும்போது பாதிப் படியில் அந்தக் குரல் கேட்டது. அண்ணியின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. தோட்டத்தில் ஒரு மலையிலிருந்து அடுத்த மலையில் இருப்பவரைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது.

“எல்லாரும் வாசலுக்கு முன்னாடி வந்து நில்லுங்க! போட்டோ புடிக்கணும்!”

கீழே வாசலுக்கு முன்னால் எங்கள் தாமான் பெண்கள் ஒரு வேன் நிறைய நின்றார்கள். எல்லோரும் ஒரே நிறத்தில் டீசட்டை போட்டிருந்தார்கள். நடுவில் அண்ணி. ஆரஞ்சு நிறச் சுடிதார், கறுப்புக் கண்ணாடி, தலையில் வைக்கோல் தொப்பி. கையில் இளநீர்.

நாங்கள் ஒளிய இடம் தேடினோம். மேலே ஓடலாம் என்றால் படியில் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. கீழே அண்ணி. உலகப் புகழ்பெற்ற கோட்டை என்கிறார்கள், இரண்டு பெண்கள் குனிந்து உட்கார ஒரு முழம் சுவர் இல்லை. கடைசியில் ஒரு மரம் கிடைத்தது. எங்களில் யாராவது ஒருத்தியில் பாதியை மறைக்கும் அளவுக்கு அது பருமனாக இருந்தது. இருவரும் அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு நின்றோம்.

அப்போது அக்காவின் போன் அடித்தது.

அண்ணிதான். கீழே பார்த்தால், காதில் போனை வைத்துக்கொண்டு கூட்டத்திலிருந்து ஒதுங்கி நடந்துகொண்டிருந்தார். எடுக்காவிட்டால் தொடர்ந்து அடிப்பார். அக்கா எடுத்தாள். பிறகு நடந்த உரையாடலை என்னால் இரண்டு காதாலும் கேட்க முடிந்தது. ஒரு காதில் போன் வழியாக, இன்னொரு காதில் நேராக.

“எப்படி இருக்கு தங்கச்சிக்கு?”

“படுத்துருக்கா அண்ணி. அசையவே முடியல,” என்றாள் அக்கா. நான் ஒற்றைக் காலில் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன்.

“கஞ்சி குடிச்சாளா?”

“குடிச்சா. நீங்க எங்க இருக்கீங்க?”

“நான் சிலிம் ரிவர்லதான். வேற எங்க இருப்பேன்?”

அந்த நேரம் பார்த்துத் தமிழ்ப் பாட்டு வண்டி அண்ணியைக் கடந்து போனது. பாட்டு எங்களுக்கும் தெளிவாகக் கேட்டது.

“அங்க என்ன பாட்டு சத்தம்?” என்றார் அண்ணி.

“பக்கத்து வீட்ல போட்டுருக்காங்க. உங்க பக்கமும் கேக்குதே அண்ணி?”

அண்ணி கொஞ்சம் யோசித்தார். “வளைகாப்புல பாட்டு போடாமயா இருப்பாங்க? அதே பாட்டுத்தான் எல்லாரும் போடுறாங்க.”

“பொண்ணுக்கு வளையல் போட்டாச்சா?”

“போட்டாச்சு, போட்டாச்சு.” இளநீரை ஒரு வாய் உறிஞ்சினார். “சாப்பாடும் ஆச்சு. நல்லா செஞ்சிருக்காங்க.”

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான்கு மாதமாக எங்களைப் பாடாய்ப் படுத்திய சட்டத்தின் காவலர், தம்பி செத்த வருடத்திலேயே வைக்கோல் தொப்பியோடு கையும் களவுமாக அகப்பட்டிருக்கிறார். இனி ஆயுளுக்கும் இது போதும். போனில் அவரை ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்று பையில் கையை விட்டேன்.

“வெளக்கு ஏத்திட்டுப் போனியா?” என்றார் அண்ணி. இப்போது குரல் சின்னதாக இருந்தது. எங்களுக்குப் போனில் மட்டும்தான் கேட்டது.

“காலைல ஏத்துனேன் அண்ணி.”

“இந்நேரம் அணைஞ்சிருக்கும். வீடு பூட்டிக் கெடக்கும்ல. அவன் தனியா இருப்பான்.”

“சரி வைக்கிறேன்,” என்று அண்ணி வைத்துவிட்டார். கூட்டம் படத்துக்குக் கூப்பிட்டது. அவர் வரவில்லை என்று கையை ஆட்டிவிட்டு, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த பழைய பீரங்கியின் மேடையில் போய் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தார். வெயிலில் எல்லோரும்தான் முகம் துடைப்பார்கள். ஆனால் அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“வா, பின்பக்கமா எறங்கிப் போயிரலாம்,” என்றேன்.

அக்கா மரத்தின் பின்னாலிருந்து வெளியே வந்து, நேராகப் படியில் இறங்கத் தொடங்கினாள். துப்பட்டாவைப் பிடித்து இழுத்தேன். அது என் கையோடு வந்தது, அக்கா நிற்கவில்லை.

தாமான் பெண்கள்தான் முதலில் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராக வாயை மூடினார்கள். பிறகு அண்ணி நிமிர்ந்தார். அக்காவின் நீலத்தைப் பார்த்தார். அக்கா அவருடைய ஆரஞ்சைப் பார்த்தாள். கடைசியில் அண்ணியின் பார்வை, பின்னால் துப்பட்டாவோடு நின்ற என்மேல் விழுந்தது.

“முதுகு சரியாயிடுச்சா?” என்றார்.

“மலை ஏறுனா சரியாயிரும்னு சொன்னாங்க அண்ணி,” என்றேன். “வளைகாப்பு முடிஞ்சிருச்சா?”

அக்கா அண்ணியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “ஏன் அண்ணி, மலாக்கா போறேன்னே சொல்லிருக்கலாமே.”

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்ல? உன்ன உக்கார வச்சிட்டு நான் ஊரு சுத்தப் போறேன்னா?” அண்ணி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “வீட்ல இருந்தா பைத்தியம் புடிச்சிரும்போல இருந்துச்சு. சாயங்காலமானா மாமியா வீட்டு ஆளுங்க வந்துருவாங்க. அவங்க முன்னாடி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கக் கூடாது. ஒனக்குத்தான் தீட்டுக் கழிஞ்சிருச்சே, இன்னும் என்ன அழுகைன்னு கேக்குறாங்க. எனக்கு மூணு நாளுதான குடுத்தாங்க.”

தாமான் பெண்கள் மெல்ல விலகி, அந்த வாசலை இரண்டாவது தடவையாகப் பார்க்கப் போனார்கள்.

“அம்மா ரப்பர் மரஞ்சீவப் போயிருவாங்க,” என்றார் அண்ணி. “அவன ஆயாக்கொட்டகையில விட்டா அழுவான். நாந்தான் இடுப்புலயே தூக்கிட்டுத் திரிவேன். அதனால என்னையப் பள்ளிக்கூடத்துலயே லேட்டாத்தான் சேத்தாங்க. அவனுக்கு மூணு நாளு போதுமா சொல்லு? ஒன் வீட்ல வந்து உக்காந்தா மட்டுந்தான் அவன் செத்துட்டான்னு யாராச்சும் நெனச்சிட்டு இருக்காங்கன்னு தெரியும். அங்கதான் எனக்கு மனசு ஆறும்.” தொப்பியின் வைக்கோலைப் பிய்த்துக்கொண்டே, “அந்தக் கல்யாணத்துல பிரியாணில உப்பு இருந்துச்சா இல்லையான்னே எனக்குத் தெரியாது. அவன் போனதுலேர்ந்து எதைத் தின்னாலும் உப்பு தெரியல,” என்றார்.

அந்தப் பிரியாணிக் கதையை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருந்தேன் என்று நினைத்துப் பார்த்தேன். கையில் இருந்த போனைப் பைக்குள் போட்டேன்.

அக்கா எழுந்தாள். “வாங்க அண்ணி. நான் கடலு பாக்க வந்தேன், இன்னும் பாக்கல. எங்க கொண்டு போய் வச்சிருக்காங்கன்னு தேடுவோம்.”

தமிழ்ப் பாட்டு வண்டியைத்தான் கூப்பிட்டாள். வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம். முதுகு சரியில்லாத நான் பின்னாலேயே நடந்தேன். பொம்மைத் தலைகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் பூக்களுக்குக் கீழே, காதல் பாட்டு அலற, ஒரு துக்க வீட்டின் இரண்டு பெண்களும் மலாக்கா தெருவில் ஊர்வலம் போனார்கள். பேரங்காடியைத் தாண்டி, கடைவீடுகளைத் தாண்டி, பாதி கட்டி நிறுத்திய கட்டடங்களைத் தாண்டி, கடைசியில் கொட்டி வைத்த கருங்கற்களுக்கு அந்தப் பக்கம் கடல் இருந்தது. பால் கொஞ்சமாக விட்ட தேநீர் நிறம். ஆள் நடமாட்டம் இல்லை. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் என்று எனக்கு வாய்வரை வந்தது. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கல்லில் ஏறி நின்று, நன்றாக மூச்சை இழுத்து விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணி பையைத் துழாவிப் போனை எடுத்து நேரம் பார்த்தார். “நாளைக்குக் காலைல வாரேன்,” என்றார். பழக்கதோஷம்.

“நாளைக்கு நான் வீட்ல இருக்க மாட்டேன் அண்ணி,” என்றாள் அக்கா.

அண்ணி திரும்பிப் பார்த்தார்.

“நாளைக்கும் வெளிய போவேன். அதுக்கு மறுநாளும் போவேன். அவரு இல்லன்ற வருத்தம் எனக்கும் இருக்கு. ஆனா அத எங்கயும் தூக்கிட்டுப் போக என்னால முடியும். அந்த நாலு செவுத்துக்குள்ளதான் முடியல.” அக்கா கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவியை எடுத்தாள். “ஒரு வருஷத்துல இன்னும் எட்டு மாசம் மிச்சம் இருக்கு. நீங்க எடுத்துக்குங்க அண்ணி. வெளக்க ஏத்தி வச்சிட்டு, கதவச் சாத்திட்டு, உக்காந்து அழுங்க. அங்க ஒங்கள யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

அண்ணி சாவியை வாங்கவில்லை. அக்கா அவர் கையை விரித்து உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

அதன் பிறகுதான் அண்ணி அழுதார். துப்பட்டாவால் துடைக்கிற அழுகை இல்லை. மலைக்கு மலை கேட்கும் அந்தக் குரலில், தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, கடலைப் பார்த்து அழுதார். தமிழ் தெரியாத அந்த வண்டிக்காரர் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, குனிந்து பாட்டை நிறுத்தினார்.